தடுப்புக்கு அந்தப் பக்கம்

வரிசையில் வாத்தியாருக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். "பிறப்பா, இறப்பா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தான் காவலாளி, பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற தோரணையில். ஆஸ்பத்திரியின் பதிவறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். வந்தவர்களுக்கும் அங்கேதான் சீட்டு, போனவர்களுக்கும் அங்கேதான் சீட்டு. வாத்தியாருக்கு நேர் முன்னால் நின்றவன் கையில் சாக்லெட் டப்பா வைத்திருந்தான். யார் திரும்பிப் பார்த்தாலும் சிரிக்கத் தயாராக இருந்தான். வாத்தியார் அவனுடைய முகத்தைத் தவிர்த்துவிட்டு சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறப்பு" என்றார் தன் முறை வந்தபோது.

"அப்ப ஏன் பெரியவரே இங்க நிக்கறீங்க? நேரா முன்னாடி போங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

போனார். ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தலை நிமிராமலேயே தாளை வாங்கினாள். பெயரை வாசித்தாள். வாசித்த இடத்திலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

"டீச்சரா?" என்றாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். "சார்... டீச்சரா சார்?"

"ஆமா. காலையில ஆறு நாப்பதுக்கு."

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. தோள் இரண்டும் குலுங்கின. வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். காலையிலிருந்து அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. இவளுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு?

ஊரில் அவரை வாத்தியார் என்பார்கள், அவர் மனைவியை டீச்சர் என்பார்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே மூன்றாம் வகுப்பு. அவருக்கு ஏ பிரிவு, அவளுக்கு பி பிரிவு. முப்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே பாடத்தைத்தான் நடத்தினார்கள். ஆனால் வாத்தியார் என்று சொல்லும்போது யார் முகமாவது மலர்ந்து அவர் பார்த்ததில்லை. அவர் இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வுபெற்றார். அவளுக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு வியாழன்.

பதிவறைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தாள். உடனே சீட்டு எழுதித் தரப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ வரிசையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"இவங்க வீட்டம்மா இன்னிக்குக் காலையில இறந்துட்டாங்க. இவரை முன்னாடி விடலாமான்னு உங்ககிட்ட கேக்கறேன். உங்க இடம். நீங்கதான் சொல்லணும்."

சாக்லெட்காரன் பதறிப்போய் "ஐயோ, விடுங்க விடுங்க" என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். முதல் ஆளாக நின்ற கிழவி மட்டும் தயங்கினாள்.

"எனக்குப் பதினோரு மணி பஸ்ஸு தாயி. அதை விட்டா மூணு மணிக்குத்தான். வீட்டுல பச்சைப் பிள்ளைக்காரி தனியா கிடக்கா."

"சரிம்மா. அப்ப நீங்க முதல்ல. அடுத்தது சார்."

வாத்தியாருக்குக் காது சூடாகிவிட்டது. பெண்டாட்டி பிணமாகக் கிடக்க, ஒரு கிழவிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அதுவும் யாருக்காக அழுதாளோ அவளுடைய புருஷன். கிழவியின் பேரப்பிள்ளைக்கு அப்பன் பெயர், ஆயி பெயர், எடை எல்லாம் நிதானமாக எழுதி முடித்து, இவர் தாளை எடுத்தபோது அவளே சொன்னாள்:

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இடம் குடுக்கறது ஜன்னல்ல உக்காந்திருக்கறவங்க இல்ல, நிக்கறவங்கன்னு. ஒரு நாள் பூரா எங்களைத் தண்ணிக் குழாய்கிட்ட நிக்க வச்சு சண்டை போட விட்டாங்க, நாங்களே கண்டுபிடிக்கற வரைக்கும்."

"நானும்தான் சொல்லிக் குடுத்தேன். வரிசையில நிக்கணும்னு."

"நீங்க ஏ செக்ஷன் இல்ல சார்? ஞாபகம் இருக்கு. போர்டுல எழுதிப் போடுவீங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

அந்தப் பாராட்டை அவள் ஒரு நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதைப் போலக் கொடுத்தாள். முத்திரை குத்திவிட்டு, தாளைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"கடைசியில டீச்சர் என்ன சார் சொன்னாங்க?"

கேட்பதற்கு உரிமை இருக்கிறவளைப் போலக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார்.

வண்டிக்காரன் தடியான ஆள். ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது கூட வந்தவனிடம் "மெதுவா, மெதுவா, தலைப்பக்கம் பாத்து" என்று நாலு தடவை சொன்னான். பின்பக்கக் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கதவின் மேலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

வாத்தியார் முன் ஸீட்டில் ஏறிக்கொண்டார். "நீயும் பி செக்ஷனா?"

"இல்ல சார். நான் உங்க செக்ஷன்."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல்முறையாக நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இளகியது. "அப்படியா? எந்த வருஷம்?"

"வருஷம் எல்லாம் ஞாபகம் இல்ல. நான் கடைசி பெஞ்சு. தடுப்புப் பலகைகிட்ட உக்காந்திருப்பேன். நீங்க என்னை நாலு தடவை இடம் மாத்தினீங்க, நான் திரும்பத் திரும்ப அங்கயே போயிடுவேன்." வண்டியை எடுத்தான். "அங்க உக்காந்தாத்தான் சார் டீச்சர் பேசறது கேக்கும்."

அந்த இரண்டு வகுப்பும் ஒரு காலத்தில் ஒரே கூடமாக இருந்தது. நடுவில் மரப்பலகையை நிறுத்தி இரண்டாக்கியிருந்தார்கள். வாசல் என்னவோ ஒன்றுதான், வாத்தியாரின் பக்கம். பி பிரிவுக்குப் போகிற யாரும் ஏ பிரிவுக்குள் நுழைந்து, கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே நடந்துதான் போக வேண்டும். பலகையில் ஆணி விழுந்த ஓட்டைகள் உண்டு. அந்தப் பக்கத்துச் சிரிப்பு அவற்றின் வழியாக வந்துகொண்டே இருக்கும்.

வண்டி ஒரு முனையில் நின்றது. சிவப்பு விளக்கு. குறுக்கே ஒரு வண்டியும் இல்லை. சாலையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே வண்டிக்காரன் நிறுத்தியிருந்தான்.

"இதெல்லாம் நீங்க சொன்னதுதான் சார். கோட்டைத் தாண்டக் கூடாது. தரையெல்லாம் சாக்பீஸால கோடு போட்டு வச்சிருப்பீங்களே. நாங்க உங்களுக்குப் பேரே 'கோடு சார்'னுதான் வச்சிருந்தோம்."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்கள் மூன்று அவருக்குத் தெரியும். தனக்கு ஒன்றுகூட இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். கோடு சார். வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மோசமில்லை.

"அதான் இன்னிக்கும் தாண்டறதில்லையா நீ?"

"இல்ல சார், அப்ப தாண்டிக்கிட்டுத்தான் இருந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு ஒருநாள் டீச்சரைப் போய்க் கேட்டேன். 'ஒண்ணும் இல்லடா, நீ நிக்கறன்னு நம்பி ஒருத்தர் அந்தப் பக்கம் நடக்கறார், அவ்வளவுதான்'னாங்க. அதுக்கப்புறம்தான்."

விளக்கு மாறியது. வாத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனக்கென்று ஒன்று கிடைத்து முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அதையும் அவளே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னால் படுத்துக்கொண்டே.

கடைசி பெஞ்சுக்காரனிடம் அவர் சொல்லாத ஒன்று இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஏ பிரிவின் அமைதிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய பெயர். குடிமைப் பண்பு பாடத்தில் 'பொதுச் சொத்தைப் பாதுகாப்போம்', 'பிறர் பேசும்போது குறுக்கிடாதே' என்று முத்து முத்தாக எழுதிப் போட்டு, இருபது தடவை எழுதுங்கள் என்பார். வகுப்பில் பென்சில் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் அந்தப் பக்கத்துக் குரல் தெளிவாக வரும். நோட்டுத் திருத்துகிற பாவனையில் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். பரீட்சையில் அவர் பிரிவுதான் எப்போதும் அதிக மார்க். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. அந்த மார்க்கை யாரும் வீடு தேடி வந்து பாராட்டவில்லை.

வீட்டில் கொழுந்தியாள் கூடத்தை ஒழித்து, கட்டிலைக் கிழக்கு மேற்காக நகர்த்திப் போட்டிருந்தாள். டீச்சருக்குத் தங்கை, அவளுக்கும் தலை பாதி நரைத்துவிட்டது. "அத்தான், நீங்க இப்படி உக்காருங்க. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிச்சீங்களா இல்லையா?" என்று ஒரு நாற்காலியைச் சுவர் ஓரம் போட்டு ஒரு டம்ளர் டீயைக் கையில் திணித்தாள். எடுப்பது மூன்று மணிக்கு என்று பேசி முடிவு செய்திருந்தார்கள்.

ஆட்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். பேக்கரிக்காரர், தையல்காரி, தபால்காரர், ஒரு போலீஸ்காரி, மருந்துக்கடைக்காரரும் அவர் மகனும், இரண்டு பேருமே பி பிரிவு. வருகிறவர்கள் வாத்தியாரின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுக் கட்டில் பக்கம் போய் நின்றுவிடுவார்கள். வாசலில் செருப்பு விடுகிற மாதிரி. அவர் தோளைத் தொட்டால்தான் உள்ளே போகலாம் போலிருக்கிறது. வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது. அவர் வழியாகத்தான் எல்லாரும் அவளிடம் போனார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பி பிரிவின் வெள்ளிக்கிழமை வட்டம் பேர் வாங்க ஆரம்பித்திருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவள் பெஞ்சுகளைச் சுவர் ஓரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளை வட்டமாகத் தரையில் உட்கார வைப்பாள். அவளும் உட்காருவாள். அந்த வாரம் யாருக்கு என்ன குறை, யார் யாருக்கு என்ன தப்பு செய்தார்கள், எது நியாயம் என்று ஒவ்வொருவராகப் பேச வேண்டும். ஆசிரியர்களுக்கு மட்டும் ஏன் குளிர்ந்த தண்ணீர் என்று ஒரு தடவை அந்த வட்டம் பேசி, கை தூக்கி வாக்கெடுத்து, தலைமையாசிரியருக்கு மனு எழுதியது. பிள்ளைகள் குழாய்க்கும் குளிர்ந்த தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் வெளியூர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். ஏ பிரிவுப் பிள்ளைகள் எழுந்து "வணக்கம்" என்று இழுப்பார்கள். வந்தவர்கள் "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டு முதல் பெஞ்சுக்கு முன்னால் நடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை.

வீட்டில் பிள்ளை இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு என்னவோ இரண்டுதான். பேச்சில் முப்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இன்னிக்கு அவன் என்ன கேட்டான் தெரியுமா, அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா என்று அவள் கண் விரிந்துகொண்டே போகும். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் தேட வேண்டியிருக்கும்.

அப்படி வெளியூர் ஆட்கள் மூன்றாவது தடவை வந்துபோன அன்றைக்கு, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், இடது கையால் ஒரு கடிதாசி எழுதினார். பி பிரிவு ஆசிரியை பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகளைப் பெரியவர்களுக்கு எதிராகத் தூண்டிவிடுகிறார், பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல். கையெழுத்து இல்லை, பேர் இல்லை. கல்வி அலுவலகத்துக்குப் போட்டார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. வட்டம் நின்றது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் இனிமேல் கையெழுத்துப் பயிற்சி. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது, வேறு அதிகாரி வந்து மாற்றுகிற வரைக்கும்.

உத்தரவு வந்த அன்று அவள் அழுவாள் என்று காத்திருந்தார். அழுதால் தட்டிக்கொடுக்கலாம் என்றும் நினைத்திருந்தார். அவள் முகம் கழுவிவிட்டு வந்து, "சாப்பாடு சூடு பண்ணட்டுமாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சாப்பிடும்போது பள்ளிக்கூடத்துப் பேச்சு நின்றுபோனது. அவர் கேட்டதும் அதுதானே, கிடைத்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக இரண்டு தட்டு, இரண்டு பேர். கரண்டிச் சத்தம்.

ஒரு மணிக்கு வாசலில் கசமுசாவென்று சத்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பதினேழு பேர் இருக்கும். தலைமையாசிரியை முன்னால் வந்தாள். டீச்சரோடு வேலை பார்த்தவள், வயதில் சின்னவள்.

"காலையில பசங்ககிட்டயே கேட்டுட்டேன் சார். ஒம்பது பேர் பாக்க வேணாம்னாங்க, அங்கயே இருக்காங்க. வரணும்னவங்களை மட்டும் கூட்டிட்டு வந்தேன். டீச்சர் இருந்தா அப்படித்தான் பண்ணியிருப்பாங்க."

எதைச் செய்தாலும் டீச்சர் இருந்தால். வாத்தியார் எழுந்து பின்கட்டுக்குப் போனார். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியையும் பின்னாலேயே வந்தாள். துக்க வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் ஏதாவது பேச வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனசு.

"ரொம்பப் பெரிய மனசு சார் அவங்களுக்கு. உங்களுக்குத் தெரியாததா? அந்த மொட்டைக் கடிதாசி விஷயமே எடுத்துக்கங்க."

வாத்தியார் குழாய்ப் பக்கம் பார்த்தார்.

"விளக்கம் கேட்டு ஆபீசுக்குக் கூப்பிட்டாங்களே, அன்னிக்கு நான்தான் துணைக்குப் போனேன். அதிகாரி அந்தக் கடிதாசியை எடுத்துக் கையில குடுத்துட்டாரு. டீச்சர் வாசிச்சாங்க. அப்புறம் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாங்க. எழுதறதுக்கு முன்னாடி பென்சில்ல கோடு போட்டு, எழுதி முடிச்சதும் அழிச்சிருக்காங்க. அந்தத் தடம் தெரிஞ்சுது. ஒண்ணும் சொல்லாம மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ம்."

"பஸ்ல வரும்போது கேட்டேன், யாருன்னு தெரியுதாக்கான்னு. தெரியும்னாங்க. அப்ப நேரா கேட்டுட வேண்டியதுதானேன்னு எனக்கு ஆத்திரம். அவங்க சிரிக்கறாங்க சார். 'கிளாஸ்ல ஒருத்தன் அடுத்தவன் பென்சிலை எடுத்துட்டா நான் யாருன்னு கேக்கறேனா? அவனா வந்து சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கேன் இல்ல? கேட்டா பயத்துல சொல்லுவான். அது எதுக்கு? இதுவும் அப்படித்தான்'னாங்க."

உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் எட்டி அதை இறுக்கி மூடினார். மூடின பிறகும் கையை எடுக்கவில்லை.

"யாருன்னு கடைசி வரைக்கும் என்கிட்டகூட சொல்லல. அந்த ஆள் வந்து சொன்னானோ என்னவோ."

"சொல்லியிருக்க மாட்டான்" என்றார் வாத்தியார்.

நேற்று மத்தியானம் அவள் முழித்துத்தான் இருந்தாள். மூக்கில் குழாய். அவர் தலையணையைச் சரிசெய்து கொண்டிருந்தார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "என்னங்க, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். தனக்கு ஏதாவது வேண்டும் என்பதைத்தான் அப்படி மாற்றிக் கேட்கிறாள், மருந்து மயக்கம் என்று நினைத்தார். "டாக்டர் வர்ற நேரம், பேசாம படு" என்று சொன்னார். அவள் கையை விட்டுவிட்டாள். அப்புறம் பேசவில்லை.

பத்தொன்பது வருஷம் காத்திருந்திருக்கிறாள். எந்தப் பிள்ளைக்காகவும் இவ்வளவு நாள் காத்திருந்திருக்க மாட்டாள். பென்சில் எடுத்தவன் ஒரு வாரத்தில் சொல்லிவிடுவான். சொன்னவனை மடியில் இழுத்துக்கொள்வாள், அதை அவர் பலகை ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறார். யாரென்று தெரியாத அந்தப் பையன்கள் அத்தனை பேர் மேலும் அவருக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாளும் அவள்மேல் என்று நினைத்திருந்த எரிச்சல் அது.

கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள் கொழுந்தியாள். அது அவர்களுக்குச் சரிப்படவில்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், "நாங்க உக்காரலாமா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி, சப்பணம் போட்டு, முழங்கால் முழங்காலைத் தொட. பெரியவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

பின்கட்டிலிருந்து வந்த வாத்தியார் நிலைப்படியில் நின்றார். தலைமாட்டுப் பக்கம் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

"சார், வந்து உக்காருங்க" என்றாள் இரட்டைப் பின்னல். "இல்லன்னா வட்டம் மூடாது."

"சாருக்கு முட்டி வலி பாப்பா, தரையில உக்கார முடியாது" என்றாள் கொழுந்தியாள்.

வாத்தியார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். ஒரு முட்டி சொடக்கென்றது. பக்கத்துப் பிள்ளை கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

"ஒருத்தர் பேசும்போது யாரும் பேசக் கூடாது சார். சொல்ல ஒண்ணும் இல்லன்னா 'அடுத்தது'ன்னு சொல்லிடலாம். தப்பில்ல" என்று அந்தப் பெண் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி விளக்கினாள். புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைக்குச் சொல்வதைப் போல.

கால்மாட்டிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"டீச்சர், நீங்க இல்லாததால மூணு நாளா நான்தான் லீடர். யாரும் பேச்சே கேக்கல. எனக்குப் பிடிக்கல."

"டீச்சர், என் தண்ணி பாட்டிலை இவன் எடுக்கல. வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டேன். இவன் சரின்னுட்டான்."

"ஆமா டீச்சர், சரின்னுட்டேன்."

"அடுத்தது."

"டீச்சர், உங்க வீட்டு ஃபேன் கடகடன்னுது."

ஒரு பையன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுதான். யாரும் சமாதானம் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்து "முடிஞ்சுது" என்றபிறகுதான் அடுத்தவன் ஆரம்பித்தான். போலீஸ்காரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

முறை தலைமாட்டுக்கு வந்தது. பதினேழு ஜோடிக் கண்கள் வாத்தியாரைப் பார்த்தன. 'அடுத்தது' என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முப்பது வருஷம் வகுப்பில் பேசின தொண்டை அவருடையது. கனைத்துக்கொண்டார்.

"அந்தக் கடிதாசி," என்றார். நிறுத்தினார். டீச்சரின் முகம் அவருக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் எழுதினேன்."

நிலைப்படியில் நின்றிருந்த தலைமையாசிரியையின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. கொழுந்தியாள் "என்ன அத்தான்..." என்று ஆரம்பித்தாள். நாலைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்கள்.

"உன் கிளாஸுக்கு வர்றவங்க எல்லாரும் என் கிளாஸ் வழியாத்தான் வந்தாங்க" என்றார் வாத்தியார்.

அதற்கு மேல் வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். எந்தக் கடிதாசி, என்ன கிளாஸ், ஒன்றும் அவர்களுக்குப் புரிந்திருக்காது. இருந்தாலும் காத்திருந்தார்கள். ஒருவர்கூட நெளியவில்லை.

"முடிஞ்சுதா சார்?" என்றாள் இரட்டைப் பின்னல், ரகசியமாக.

தலையாட்டினார்.

அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த குட்டிப் பெண் முழங்காலில் எழுந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டாள். "டீச்சர், எனக்கு இன்னிக்குக் காலையில பல்லு விழுந்துடுச்சு. இங்க பாருங்க" என்று டீச்சரின் முகத்துக்கு நேரே குனிந்து வாயை அகலமாகத் திறந்தாள். ஜன்னல் வெளிச்சம் வாத்தியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. மறைக்காமல் இருப்பதற்காக அவர் கையை ஊன்றிக் கொஞ்சம் தள்ளி நகர்ந்துகொண்டார்.